அரசாங்கத் தட்டில் கீறல் இல்லை

காஜா பேராங்கில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சங்கீத ஞானம் வந்தது ஜப்பான்காரன் மலாக்காவைப் பிடித்த பிறகுதான். அதற்கு முன்னாலும் அங்கே ஒரு பேண்டு இருந்தது. ஆனால் அதை நடத்தியவர் உஜோங் பாசிரிலிருந்து சைக்கிளில் வந்துபோன, போர்த்துகீசிய வழிவந்த ஒரு செரானி வாத்தியார். பையன்களுக்கு வெறும் வாசிப்பை மட்டும் சொல்லிக்கொடுத்து அவர்கள் காலத்தைப் பாழாக்கிக்கொண்டிருந்தார் மனிதர். வெள்ளைக்காரன் பாட்டு வாசித்த குற்றத்துக்காக அவரைப் பிடித்து உள்ளே போட்டதும் பேண்டுக்கு விமோசனம் பிறந்தது.

அவர் இடத்தில் மாணிக்கவாசகம் அமர்த்தப்பட்டார். அவர் பூகோள வாத்தியார். எந்த நாடு யாருடையது என்பது இன்னும் முடிவாகாத காரணத்தால் பூகோளம் அப்போது நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பள்ளியில் தோக்கியோ நேரம் காட்டும் கைக்கடிகாரம் அவரிடம் மட்டும்தான் இருந்தது. தாளத்துக்கு அது போதும் என்று கல்வி இலாகா முடிவு செய்தது. வாத்தியார்களை இனி 'சென்செய்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று ஓர் உத்தரவும் வந்திருந்தது. பழைய பழக்கத்தை விட நாக்குக்கு மனமில்லை, புதிய உத்தரவை மீறக் கன்னத்துக்குத் துணிவில்லை. ஆகவே பையன்கள் அவரை 'சென்செய் சார்' என்று கூப்பிட்டார்கள். அவரும் இரண்டு மரியாதையையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

தம்பிராஜா அந்தப் பேண்டில் கார்னெட் ஊதினான். பித்தளையில் செய்த சின்னக் குழல் அது. செரானி வாத்தியாரிடம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டவன் அவன் ஒருவன்தான், அதை அவனால் மறக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூட வயது அவனுக்கு எப்போதோ தாண்டிவிட்டது. மீசைகூட முளைத்துவிட்டது. ஆனாலும் வாசலைத் தாண்டி வெளியே போக அவன் விரும்பவில்லை, ஏனென்றால் வெளியே சயாம் இருந்தது.

அவன் அப்பா சயாமுக்குப் போனது படம் பார்க்கப் போய். இலவசமாகப் படம் காட்டுகிறோம், வாருங்கள் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தார்கள். கூட்டம் நிறைந்ததும் கொட்டகைக் கதவைச் சாத்தினார்கள். உள்ளே இருந்த ஆண்களை அப்படியே லாரியில் ஏற்றி, காட்டுக்குள் ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். படம் எப்படி இருந்தது என்று வந்து சொல்ல இன்றுவரை யாரும் திரும்பவில்லை.

"ஒங்கப்பாரு போனது போதும்," என்றாள் அவன் அம்மா பாக்கியம், மரவள்ளிக்கிழங்கை உரித்துக்கொண்டே. "பேண்டுல தரம் வாங்குனவன லாரியில ஏத்த மாட்டாங்களாம். சென்செய் சாரே சொன்னாரு. நீ ஊதுடா. நெஞ்சுல காத்து இருக்கிற மட்டும் ஊது."

தரம் என்பது இப்படி. பேண்டில் சேர்ந்தவன் முதலில் பயிற்சியாளன், பிறகு மூன்றாம் தரம், இரண்டாம் தரம், முதல் தரம். முதல் தடவை லாரி வந்தபோது பேண்டில் இல்லாத பெரிய பையன்களை ஏற்றிக்கொண்டு போனது. அடுத்த தடவை வந்தபோது பயிற்சியாளர்களும் சேர்த்தி என்றார்கள். அதற்கப்புறம் எல்லாருக்கும் கணக்குப் புரிந்துவிட்டது. லாரி கீழ்ப்படியில் ஏறி மேலே வந்துகொண்டிருந்தது, பையன் அதைவிட ஒரு படி முன்னால் ஏறிக்கொண்டே இருக்க வேண்டும்.

தரத் தேர்வில் குனிதல், விறைத்து நிற்றல், வாழ்த்தொலி எழுப்புதல் ஆகியவை முக்கியமான பாடங்கள். வாசிப்பு கடைசியில் வரும், நேரம் மிஞ்சினால். பயிற்சிக்கு முன் தினமும் சக்கரவர்த்தியின் அரண்மனை இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்துக் குனிய வேண்டும். அந்தப் பள்ளியில் கிழக்கே இருந்தது கக்கூஸ். தோக்கியோ நேர் கிழக்கில் இல்லை, வடகிழக்கில் இருக்கிறது என்பது பூகோள வாத்தியாருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சுற்றறிக்கை கிழக்கு என்றது. பூகோளமோ நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. ஆகவே பேண்டு முழுவதும் காலையில் கக்கூசைப் பார்த்து பக்தியோடு குனிந்தது. முதல் தேர்வில் தம்பிராஜா குனியும்போது மூக்கைச் சுளித்துவிட்டான், தேறவில்லை. இரண்டாவது தேர்வில் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்து மூன்றாம் தரம் வாங்கினான். அவன் கார்னெட்டைக் கையில் எடுப்பதற்குள் நேரமாகிவிட்டது என்று சென்செய் சார் கடிகாரத்தைக் காட்டினார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அந்த இசைத்தட்டு வந்தது.

தோக்கியோவில் புதிதாக ஒரு நடைப்பாட்டு இயற்றியிருந்தார்களாம். சக்கரவர்த்தியின் பிறந்த நாளன்று எல்லாப் பள்ளிப் பேண்டுகளும் டவுன் திடலில் அதை வாசிக்க வேண்டும் என்று உத்தரவு. தட்டு கருவாட்டு மூட்டைகளுக்கு அடியில் பயணம் செய்து வந்து சேர்ந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கை: 'தட்டில் உள்ளபடியே, ஒன்றும் கூட்டாமலும் குறைக்காமலும் கற்பிக்கவும்.'

கிராமபோன் ஊசி கிடைக்காத காலம். எலுமிச்சை முள்ளைச் சீவி ஊசியாக மாட்டினார்கள். சாவி கொடுத்ததும் பாட்டு கம்பீரமாகப் புறப்பட்டது. இரண்டாவது அடியின் நடுவில் அது தடுக்கி விழுந்தது. பாடிய வரியையே மறுபடி பாடியது. மறுபடியும் பாடியது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். அதற்கப்புறம் ஒன்றும் நடக்காததுபோல் மேலே போயிற்று.

பையன்கள் சென்செய் சாரைப் பார்த்தார்கள். அவர் சுற்றறிக்கையைப் பார்த்தார்.

"சார், கீறல் சார்," என்றான் தம்பிராஜா.

"எங்க கீறல்?"

"தட்டுல சார். கண்ணுக்கே தெரியுது."

"தம்பிராஜா, இது யாரு அனுப்புன தட்டு?"

"அரசாங்கம் சார்."

"அரசாங்கத் தட்டுல கீறல் இருக்குமாடா?"

இருக்கும் என்றால் கன்னம் வீங்கும், இல்லை என்றால் காது நோகும். கன்னத்தைவிடக் காது பரவாயில்லை என்று வாயை மூடிக்கொண்டான். தட்டு சில நாள் மூன்று தரமும், மழை ஈரத்தில் முள் ஊறிப்போன நாளில் ஐந்தாறு தரமும் திரும்பப் பாடியது. சென்செய் சார் நன்றாக யோசித்து மூன்று என்று நிர்ணயம் செய்தார். அந்த 'டக்' சத்தத்தை என்ன செய்வது? ஒன்றும் குறைக்கக் கூடாது என்றால் அதையும் குறைக்கக் கூடாது. அதற்காக தேவதாஸ் நியமிக்கப்பட்டான்.

தேவதாஸ் செட்டிக் கம்பம் என்ற கிராமத்துப் பையன். வீட்டில் பேசுவது மலாய், தமிழ் கூட்டாளிகளோடு திரிந்து ஒட்டிக்கொண்டது. முரசின் விளிம்பில் குச்சியால் ஒரே ஒரு தட்டுத் தட்டுவதுதான் பாட்டு முழுக்க அவனுக்கு உண்டான வேலை. அதில் அவன் ஒருநாளும் பிசகவில்லை. அதனால் எல்லாருக்கும் முந்தி இரண்டாம் தரம் வாங்கிவிட்டான்.

"எனக்கு என்னாலா சூசா, என்னா கஷ்டம்?" என்பான் தம்பிராஜாவிடம். "நீ எல்லாம் மூச்சுப் பிடிச்சு ஊதி சாகுற. நான் டக் ஒண்ணு, சுடா, முடிஞ்சிச்சு."

மாதக்கணக்காக வாசித்ததில் அந்தத் தடுக்கல் தம்பிராஜாவின் ரத்தத்திலும் ஊறிப்போனது. கிழங்கு வாங்க நடந்து போகும்போதுகூட அந்த இடம் வந்தால் கால் தானாக நின்று மூன்று தரம் அங்கேயே மிதிக்கும். இந்த நிலையில்தான் ஒருநாள் சாயங்காலம், சாலையோரத்துக் குழாயில் குளித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பான் சிப்பாய் அதே பாட்டைப் பாடுவதைக் கேட்டான். புதிதாகக் கப்பலில் வந்திறங்கியவன் போலிருக்கிறது, வெயில் இன்னும் தோலில் ஏறவில்லை. முதல் அடி, இரண்டாவது அடி, நிற்காமல் மூன்றாவது அடி என்று ஓடுகிற தண்ணீர் மாதிரி பாடிக்கொண்டே போனான்.

தம்பிராஜாவுக்கு முதலில் பரிதாபமாக இருந்தது. பாவம், பிழையாகப் பாடுகிறானே, இவனுக்குச் சரியாகச் சொல்லித்தர அந்த ஊரில் ஆளில்லை போலும் என்று நினைத்தான். நாலு வீடு தள்ளிப் போன பிறகுதான் உறைத்தது. தான் நினைத்த நினைப்பை எண்ணி அவனுக்கே பயமாகிவிட்டது. செரானி வாத்தியார் பழக்கிவிட்ட காது இப்படியும் கெட்டுப்போகுமா என்று அன்று இரவு கிழங்கு இறங்கவில்லை அவனுக்கு.

மறுநாள் சென்செய் சாரிடம் போய்ச் சொன்னான். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"சொல்லிட்டியா யாருகிட்டயாச்சும்?"

"இல்ல சார்."

"நல்லதாப் போச்சு. கேட்டுக்க. தட்டு கெட்டுப்போச்சுன்னு சொன்னா அரசாங்கத்தக் குத்தம் சொன்ன மாதிரி. கெட்ட தட்டப் பாத்து வாசிச்சோம்னு சொன்னா பாட்ட அவமானப்படுத்துன மாதிரி. ரெண்டுக்கும் ஒரே எடத்துலதான் விசாரிப்பாங்க. போன செரானி இன்னும் வரல."

"அப்ப என்னா சார் செய்யறது?"

"ஊதுறது. ஊரோட ஒத்து வாழுன்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்றார் சென்செய் சார்.

பிறந்த நாள் நெருங்கியதும் எல்லாப் பள்ளிப் பேண்டுகளையும் திடலில் சேர்த்து ஒத்திகை வைத்தார்கள். நடத்த வந்தவர் மாநிலக் கல்வி அதிகாரி ஒகாடா. சண்டைக்கு முன்னால் மலாக்கா டவுனில் சைக்கிள் விளக்கு விற்றவர். அதனால் சந்தை மலாய் நன்றாகப் பேசுவார், விளக்கு எரியாவிட்டால் திருப்பி வாங்க மாட்டார். இப்போது இடுப்பில் வாள் தொங்கியது.

பேண்டுகள் ஒன்றாகப் புறப்பட்டன. இரண்டாவது அடியின் நடுவில் காஜா பேராங் பேண்டு மூன்று தரம் நின்று மிதித்துக்கொண்டிருந்தபோது புக்கிட் ரம்பாய் பேண்டு பாட்டை நடத்திக்கொண்டு எங்கோ முன்னால் போய்விட்டது. மற்றவர்கள் ஒருவர் காலில் ஒருவர் விழுந்தார்கள். ஒரு முரசு உருண்டு போய் ஒகாடாவின் காலடியில் நின்றது.

புக்கிட் ரம்பாய்ப் பள்ளிக்கும் இலாகாதான் தட்டு அனுப்பியிருந்தது. அது கருவாட்டு மூட்டைக்கு மேலே உட்கார்ந்து வந்த தட்டு. அதை வைத்துச் சொல்லிக்கொடுத்தவர் சேதுபதி என்ற வாத்தியார், வாயடக்கம் இல்லாதவர்.

"ஐயா, எங்க தட்டுல ஒரு தரம்தான் வருது. அவங்க தட்டு கீறியிருக்கும்," என்று சொல்லிவிட்டார்.

ஒகாடா வாளில் கையை ஊன்றிக்கொண்டு பேசினார். பக்கத்தில் நின்ற மாணிக்கவாசகம் அதைத் தமிழில் எல்லாருக்கும் சொன்னார்.

"எனக்குச் சங்கீதம் தெரியாது. ஆகையால் என் தீர்ப்பில் சொந்த விருப்பு வெறுப்பு கலக்க வழியில்லை. கீறல் விழுந்த தட்டை இலாகா அனுப்பாது. இந்தத் தட்டை இலாகா அனுப்பியிருக்கிறது. ஆகவே இதில் கீறல் இல்லை. ஒரு பள்ளி ஒரு வரியை மூன்று தரம் வாசிக்கிறது. இன்னொரு பள்ளி ஒரு தரம் வாசித்துவிட்டு ஓடுகிறது. யாருக்குப் பக்தி அதிகம்? இதைக் கண்டுபிடிக்கக் காது எதற்கு?"

பிறகு, முறைப்படி விசாரித்ததாக இருக்கட்டும் என்று, வாசிப்பவர்களில் நன்றாகத் தெரிந்தவன் யார் என்று கேட்டார். மாணிக்கவாசகம் தம்பிராஜாவை முன்னால் தள்ளினார்.

"எது சரி?" என்றார் ஒகாடா.

தம்பிராஜா சேதுபதியைப் பார்த்தான். அவர் நம்பிக்கையோடு அவனைப் பார்த்தார். வாசிக்கிற பையன் பொய் சொல்ல மாட்டான் என்று அவருக்கு ஓர் எண்ணம். திடலுக்கு அப்பால் சாலையில் லாரி ஒன்று காலியாக நின்றது. மூன்றாம் தரத்துக்கு இந்த வாரம் முறை என்று ஊரில் பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கு அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது.

"எங்க தட்டுதாங்க சரி," என்றான்.

சேதுபதிக்கு விழுந்த அறை திடலின் மறுகோடிக்குக் கேட்டது. தம்பிராஜா தலையைக் குனிந்துகொண்டான். இந்தத் தடவை யாரும் குனியச் சொல்லவில்லை. வெட்கத்தில் அவனுக்கு அழுகை வந்தது, அழுகையிலும் உள்ளே ஒரு மூலையில் 'தப்பித்தேன்' என்று ஒன்று துள்ளியது. அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்த இடத்திலேயே அவனுக்கு இரண்டாம் தரம் கிடைத்தது.

விஷயம் அதோடு நின்றிருந்தால் தேவலை. மறுநாள் இலாகாவிலிருந்து புதிய சுற்றறிக்கை வந்தது. மூன்று தரம் வரும் அந்த வரிக்கு 'மும்மடங்கு விசுவாசம்' என்று பெயர். ஒன்று சக்கரவர்த்திக்கு, ஒன்று படைக்கு, ஒன்று வர இயலாமல் போனவர்களுக்கு. அந்த வரி தொடங்கியதும் வாசிப்பவர் தவிர மற்ற எல்லாரும் இடுப்பு வரை குனிய வேண்டும். 'டக்' கேட்கும்வரை தலை நிமிரக் கூடாது. அந்த 'டக்'குக்கும் 'எழுச்சி ஒலி' என்று பெயர் கிடைத்தது, தேவதாஸுக்கு முதல் தரம் கிடைத்தது. கடைசிப் பத்தியில், குறைபாடுள்ள மற்ற தட்டுகள் உடனே திருத்தப்பட வேண்டும் என்று இருந்தது.

குறைபாடு என்றால் கீறல் இல்லாமை. திருத்துவதற்குக் காது உள்ள ஆள் வேண்டும். தம்பிராஜாவைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்து ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். புக்கிட் ரம்பாய்ப் பள்ளியில் மேசைமேல் தட்டு பளபளவென்று இருந்தது. அவன் கையில் ஒரு முள். பக்கத்தில் சேதுபதி, வீங்கின கன்னத்தோடு.

"சார், மன்னிச்சிருங்க சார்," என்றான் தம்பிராஜா.

"அத அப்புறம் பாத்துக்கலாம். இப்ப கொஞ்சம் ஆழமாக் கீறு, தம்பி," என்றார் அவர். "முள்ளு மூணு தரத்தோட நிக்காம வழுக்கிட்டா இன்னொரு அறையும் எனக்குத்தான் வரும்."

அவன் கீறினான். நல்ல காது உள்ளவன் செய்த வேலையாகையால் கச்சிதமாக அமைந்தது. தட்டு மூன்று தரம் தடுக்கி, டக் என்று தாண்டியது. கருவாட்டு மூட்டைகூட அவ்வளவு சுத்தமாகக் கீறியிருக்க முடியாது. சேதுபதி போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். இந்தச் சேவைக்காக, பிறந்த நாளுக்கு முந்தைய தினம் தம்பிராஜா முதல் தரம் ஆனான். தேர்வு வைக்கவில்லை. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சிவப்புத் துணிப்பூ கொடுத்தார்கள்.

பாக்கியம் அந்தப் பூவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். "இதுக்கு மேல படி இல்லியே?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. இதான் உச்சி."

"அப்ப லாரி இங்க வராது," என்று அவள் சாமி விளக்கை ஏற்றினாள். எண்ணெய் இல்லாததால் வெறும் திரியைத்தான் கொளுத்தினாள். அது சற்று நேரம் எரிந்தது. அவள் சிரித்ததைப் பார்த்து தம்பிராஜாவுக்கு சேதுபதியின் கன்னம்கூடக் கொஞ்ச நேரம் மறந்துபோயிற்று.

பிறந்த நாளன்று திடலில் ஊரே திரண்டிருந்தது. வராதவர்களுக்கு அரிசிச் சீட்டு கிடையாது என்பதால் மக்களின் உற்சாகத்துக்கு அளவில்லை. சிங்கப்பூருக்கு அப்போது வைத்திருந்த பெயர் சியோனான், அங்கிருந்து ஒரு ஜெனரல் வந்திருந்தார். மேடையில் அவரும் ஒகாடாவும் பரிவாரமும், எதிரே ஒரு போட்டோக்காரர். பேண்டு புறப்பட்டது. ஜெனரலுக்குத் தெரிந்த பாட்டு. முதல் அடிக்கு விரலால் தாளம் போட்டார்.

இரண்டாவது அடியின் நடுவில் பாட்டு தடுக்கியது. ஜெனரலின் விரல் மேலேயே நின்றுவிட்டது. அதே சமயம் திடலில் இருந்த அத்தனை பேரும், கிழவன் முதல் குழந்தை வரை, சடாரென்று இடுப்பை மடித்தார்கள். ஜெனரல் ஒருவர் மட்டும் முதுகுகளின் கடலில் தனியாக நிமிர்ந்து நின்றார். போட்டோக்காரர் கருவியைத் தூக்கினார். சக்கரவர்த்தியின் பிறந்த நாளில் ஊரெல்லாம் குனிந்திருக்க, நிமிர்ந்து நின்ற ஒரே ஆள் என்று படத்தில் விழ எந்த ஜெனரலுக்கு விருப்பம் இருக்கும்? அவரும் குனிந்தார். வேண்டிய மட்டும் குனிந்து, பக்கத்தில் இருந்தவரை ஓரக்கண்ணால் பார்த்து, 'டக்' கேட்ட பிறகு மற்றவர்களோடு நிமிர்ந்தார்.

மாணிக்கவாசகத்துக்குச் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. ஜெனரல் பேச முன்னால் வந்தார்.

"தோக்கியோவில் இந்தப் பாட்டை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அங்கே இந்த வரியை ஒரு தரம்தான் பாடுகிறார்கள்," என்று ஆரம்பித்தார். ஒகாடாவின் முகம் வெளுத்துப்போயிற்று.

"தோக்கியோ வெட்கப்பட வேண்டும்," என்று ஜெனரல் தொடர்ந்தார். "மலாக்காவில்தான் இந்தப் பாட்டின் உண்மையான வடிவத்தைக் கண்டேன். நானே குனிந்திருக்கிறேன் என்றால் அதில் பிழை இருக்க முடியாது. இப்படிப்பட்ட வாத்தியக்காரர்களை இந்தச் சின்ன ஊரில் வைத்துக்கொண்டிருப்பது தேசத்துக்கு நஷ்டம். சயாம் ரயில் பாதையில் வேலை செய்பவர்கள் சோர்ந்து விழுகிறார்கள் என்று எனக்கு அறிக்கை வருகிறது. சோறும் மருந்தும் இல்லாததால் விழுகிறார்கள் என்று டாக்டர்கள் எழுதுகிறார்கள். டாக்டர்களுக்குச் சங்கீதம் தெரியாது. அவர்களுக்குக் குறைவது பாட்டுதான். முதல் தரம் வாங்கிய அனைவரையும் நாளைக் காலையிலேயே அங்கே அனுப்புகிறேன். பாட்டு இல்லாத நேரத்தில் அவர்கள் மண்ணும் சுமக்கலாம்."

கைதட்டும்படி ஒகாடா சைகை காட்டினார். ஊர் கைதட்டியது.

தேவதாஸ் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு தம்பிராஜாவைப் பார்த்தான். "நாமளும் சேர்த்தியா?" என்றான். ஏணி ஏறி ஏறிக் கடைசிப் படியில் போய் நின்றால் அந்தப் படி லாரியின் பின்பலகையாக இருக்கிறது. இதைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டும் போலிருந்தது தம்பிராஜாவுக்கு. யாரிடம் சொல்வது?

சென்செய் சாரிடம்தான் பாக்கியம் ஓடினாள். அவர் வீட்டு வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"நீங்கதானே சார் சொன்னீங்க, தரம் வாங்கினா ஏத்த மாட்டாங்கன்னு?"

"ஏத்துறாங்கன்னு யாரும்மா சொன்னது? மரியாதையா அனுப்பி வைக்கிறாங்க. மத்தவங்க கூலிங்க. ஒன் மவன் கலைஞன்."

"அப்ப நீங்களும் கூடப் போறீங்களா சார்?"

சென்செய் சார் கடிகாரத்தைப் பார்த்தார். "நமக்கெல்லாம் தரம் கெடையாதேம்மா. வாத்தியார் தேர்வு எழுத முடியாது, சட்டம் அப்படி. அடுத்த பேண்டத் தயார் பண்ண ஒரு ஆளு வேணாமா?" என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவர் குரல் கம்மிவிட்டது, பொல்லாதவர் என்று சொல்ல முடியாது. கதவை மட்டும் மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் காலை பள்ளி வாசலில் லாரி நின்றது. மலாக்காவிலிருந்து ரயிலிலேயே அனுப்பியிருக்கலாம். ஆனால் மலாக்கா ரயில் பாதையின் தண்டவாளங்களைப் பெயர்த்து முன்னாடியே சயாமுக்குக் கொண்டு போய்விட்டார்கள். தம்பின் ஸ்டேஷன் வரை லாரி, அங்கிருந்து ரயில். பல பள்ளிகளிலிருந்தும் சேர்த்த முதல் தரப் பேண்டுக்காரர்களுக்கு முன் வரிசையில் இடம். பின்னால், வெவ்வேறு கிராமங்களில் பிடித்த ஆட்கள் வாத்தியம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

வழியனுப்ப வந்த பெற்றவர்களை ஒகாடா சாலையோரத்தில் வரிசையாக நிறுத்தினார். அழுவது விசுவாசத்துக்கு விரோதம் என்று அறிவித்தார். லாரி நகரும்போது பேண்டு வாசித்துக்கொண்டே போக வேண்டும் என்று உத்தரவிட்டார்.

பாக்கியம் வரிசையின் கடைசியில், சாலை திரும்பும் முனைக்குக் கிட்டத்தில் இடம் பிடித்திருந்தாள். லாரி தன்னைத் தாண்டிப் போகும்போது மகனைப் பக்கத்தில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். பொட்டலம் ஒன்று கையில் இருந்தது, கொடுக்க விடவில்லை.

லாரி உறுமியது. பேண்டு வாசித்தது. முதல் அடி முடிகிறபோது லாரி வரிசையின் பாதியைத் தாண்டியிருந்தது. தம்பிராஜா அம்மாவைப் பார்த்துவிட்டான். அம்மாவும் அவனைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் மலர்ந்து வாய் திறந்தது. இரண்டாவது அடி வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்குக் கணக்கு உறைத்தது. இன்னும் நாலு சுரத்தில் அந்த வரி. அந்த வரி தொடங்கினால் அம்மா குனிவாள். அது மூன்று தரம் முடிவதற்குள் லாரி முனை திரும்பிவிடும்.

தம்பிராஜா நிற்கவில்லை. குழாயடியில் சிப்பாய் பாடியதுபோல், செரானி வாத்தியார் சொல்லிக்கொடுத்த மூச்சோடு, அந்த வரியை ஒரே தரம் ஊதிவிட்டு நேராக மூன்றாவது அடிக்குப் போனான். நெஞ்சிலிருந்த காற்றையெல்லாம் கூட்டி ஊதினான். அந்தப் பள்ளிப் பேண்டின் சரித்திரத்தில் அந்தப் பாட்டை ஒருவன் சரியாக வாசித்தது அன்று ஒருநாள்தான்.

மற்ற குழல்கள் எல்லாம் மூன்று தரத்தை விடாமல் முழங்கிக்கொண்டிருந்தன. அவன் வாசித்தது பக்கத்தில் இருந்தவனுக்கே கேட்டிருக்காது. சாலையோரத்து வரிசை முழுவதும் ஒரே மடிப்பாக மடிந்தது. மற்றவர்களைவிட அம்மா தாழ்வாகக் குனிந்திருந்தாள். ஒழுங்காகக் குனிந்தால் பிள்ளை ஒழுங்காகத் திரும்பி வருவான் என்று அவள் நம்பியிருக்க வேண்டும். அவள் கொண்டையும், கழுத்துக்குப் பின்னால் முடிச்சுப் போட்ட தாலிக் கயிறும், இடுப்பில் அணைத்துப் பிடித்த பொட்டலமும் லாரியின் பக்கப் பலகைக்குக் கீழே, கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கடந்து போயின.

"அம்மா!" என்று கத்தினான். கார்னெட் வாயில் இருந்ததால் அதுவும் ஊதலாகத்தான் வந்தது.

லாரி முனை திரும்பியது. அதற்கப்புறம்தான் தேவதாஸ் குச்சியை ஓங்கி, ஒருநாளும் பிசகாத கையால், முரசின் விளிம்பில் டக் என்று தட்டினான். அம்மா இப்போது நிமிர்ந்திருப்பாள்.